பேச்சிக்கு அடுத்து ஓடியவள்

காலையில் கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஓடைப்பட்டி பேச்சியம்மாளின் தம்பி வந்து நின்றான். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். தோள் துண்டு இடுப்பில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஜவுளிக் கடை வாசலில் ஓர் ஆள் அந்த நேரத்தில் அப்படி வந்து நின்றால், எதற்கு வந்தாய் என்று கேட்க வேண்டியதில்லை. “யாருக்குப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

“எங்க அக்காவுக்குத்தான். மலைக் காய்ச்சல். விடியுமுன்ன போயிருச்சு.”

செம்பைக் கீழே வைத்துவிட்டு, சேலை அடுக்கின் பக்கம் திரும்பினேன். செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் புதுச்சேலையை, கோடியை, நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “கொஞ்சம் பொறுங்கக்கா. சேலை எடுக்கிறதா, வேட்டி எடுக்கிறதான்னு ஊருல பெரியாளுக பேசிக்கிட்டிருக்காக. எதுக்கும் ரெண்டையும் எடுத்துட்டு வான்னு சொன்னாக.”

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். “ரெண்டையும் கொண்டுபோய் என்னடா செய்வீங்க, சீட்டுக் குலுக்கிப் போடுவீங்களா?” என்றேன். அந்தப் பையன் என்ன செய்வான், பாவம், அழுதுவிட்டான். அரக்குக் கலர் சுங்குடி ஒன்றை உருவி மடியில் வைத்துக்கொண்டு, கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அவனோடு பஸ் ஏறினேன்.

விடுதிப் பள்ளியில் எங்களோடு படித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சந்தைத் திடலில் அன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பார்த்த எல்லாரும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பேச்சி வந்து சேரும் வரை நம் பள்ளியில் என்னைவிட வேகமாக ஓட ஆள் இல்லை. தேனிக் கடைவீதியில் ஜவுளிக் கடைக்காரர் மகள் என்ற மிதப்பும் எனக்கு உண்டு. ஒரு சனிக்கிழமை டிரில் டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஓடவிட்டார். விசில் ஊதியது. அவ்வளவுதான், எனக்கு முன்னால் இரண்டு குதிகால்கள் தெரிந்தன. வெடிப்பு விழுந்த, செம்மண் ஏறிய குதிகால்கள். அன்றிலிருந்து நான் அவள் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் குதிகால்களைப் பார்த்ததுதான் அதிகம். ஓட்டம் முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, “நல்லாத்தான் ஓடுற, ரெண்டு” என்றாள். ரெண்டு! எஸ்தர் என்று என் தகப்பனார் வேதத்தைப் புரட்டித் தேடி வைத்த பெயர் அன்றோடு போயிற்று. விடுதி முழுக்க நான் ‘ரெண்டு’ ஆனேன்.

ஆள் உயரம், குரல் கொஞ்சம் கட்டை. பாட்டு வகுப்பில் அவளைப் பின்வரிசையில் நிறுத்துவார்கள். அவளிடம் இன்னொன்றும் இருந்தது, அது விடுதியில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பெரிதாகப் பேசியதில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் மாதத்தில் சில நாள் தள்ளி உட்காருவோம். அவள் உட்கார்ந்ததே இல்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. தள்ளி உட்கார்ந்தவளுடைய பங்குத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைப்பது அவள்தான். “எனக்குத்தான் அந்தச் சள்ளை இல்லையே, குடத்தை இங்கன வையி” என்பாள். நம்மில் அவள் இறைத்த தண்ணீரில் குளிக்காதவள் யார் இருக்கிறாள்?

இப்போது அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பள்ளத்தாக்கின் பள்ளிகளெல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் தேனிச் சந்தைத் திடலில் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் நடத்திய காலம் அது. பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகளை ஓடவிடுவது ஞாயமில்லை என்று கமிட்டியார் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். சரிதான். ஆனால் வயதுக்கு எங்கே போவது? பாதிப் பிள்ளைகள் பிறந்தது ‘ஆத்துல பெருவெள்ளம் வந்த வருசம்’. மீதிப் பிள்ளைகள் அதற்கு முந்தியோ பிந்தியோ. ஆகவே நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கில் பிரித்தார்கள். சடங்கானவர்கள் பெரிய பெண்கள், ஆகாதவர்கள் சின்னப் பெண்கள். அதற்குச் சாட்சி தாய்மாமன். பெண் ஆளானதும் மாமன்காரன் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு கட்ட வேண்டும், அதற்குள் வைத்துத்தான் பெண்ணுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பெயர் கொடுக்கும் மேசையில் அதனால்தான் ஒரே கேள்வி: “குச்சு கட்டின மாமன் பேரென்ன?” என் மாமன் பெயரைப் பட்டென்று சொல்லிவிட்டு நான் நகர்ந்தேன். ஓட்டத்துக்கும் ஓலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

பேச்சியை முதலிரண்டு தடவை யாரும் கேட்கவில்லை. உயரத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர்களோடு எழுதிக்கொண்டார்கள். இரண்டு தடவையும் அவள் முதல், நான் இரண்டாவது. போடியிலிருந்து வந்த பாக்கியம் இரண்டு தடவையும் நான்காவது. முதல் மூன்று பேரைத்தான் மதுரையில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். மூன்றாம் முறை பெயர் கொடுக்கும் நேரத்தில் பாக்கியத்தின் வீட்டார் ஆட்சேபம் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குச் சடங்கே ஆகவில்லை, அது பெண்ணே இல்லை, பெண்களோடு அதை ஓடவிடக் கூடாது என்பது ஆட்சேபம். அவர்கள் சொன்ன வார்த்தை இதைவிட மோசம். அதை நான் எழுத மாட்டேன்.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற தாசில்தார். கெட்ட மனிதரில்லை. எதையும் விதிப்படி செய்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குகிற ரகம். பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். “ஏம்மா, உனக்குக் குச்சு கட்டின மாமன் பேர் என்ன?”

சின்னமனூரில் இருக்கும் தன் மாமன் பெயரைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வந்து ‘ஆமா, கட்டினேன்’ என்று அடித்துச் சத்தியமும் செய்திருப்பார். “பொய் சொல்லித் தொலையேண்டி” என்று நான் பின்னாலிருந்து அவள் தாவணியை இழுத்தேன். பேச்சி அசையவில்லை. “மாமன் இருக்காக. குச்சு கட்டல. கட்டுறதுக்கு எனக்கு ஒன்னும் ஆகல” என்றாள்.

அப்புறம் மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டி வரச் சொன்னார்கள். அப்போது ரயில் ஓடிக்கொண்டிருந்தது, யுத்தத்துக்கென்று தண்டவாளத்தை இன்னும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. டிரில் டீச்சரும் பேச்சியும் போனார்கள், துணைக்கு நான். டாக்டரம்மாள் அவளை வெகுநேரம் உள்ளே வைத்திருந்தார். வெளியே வந்து டீச்சரிடம் அடங்கிய குரலில் சொன்னார்: “கர்ப்பப்பை வளரவில்லை. சில பேருக்குப் பிறவியிலேயே உடம்பு இப்படி அமைகிறது. ஒரே சொல்லில் ஆணா, பெண்ணா என்று எழுதித் தரக் கேட்கிறார்கள் உங்கள் கமிட்டியார். அப்படி எழுத எனக்குப் படிப்புப் போதாது. பெண்ணாக வளர்ந்திருக்கிறாள், நல்ல ஆரோக்கியம், ஓடலாம். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.”

திரும்பி வரும்போது ரயில் உசிலம்பட்டியைத் தாண்டியது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்த பேச்சி திடீரென்று சொன்னாள்: “அந்தம்மா ஒன்னு கேட்டாக, ரெண்டு. உனக்கு நீ யாருன்னு தோணுதுன்னு கேட்டாக. இம்புட்டு நாளா ஒருத்தரும் என்னையக் கேக்கல.”

“நீ என்ன சொன்ன?”

“பொம்பளப் பிள்ளைன்னுதான் தோணுதுன்னேன். வேற எப்படித் தோணும்? ஒரு நாளைக்கு வேட்டி, ஒரு நாளைக்குத் தாவணின்னு மாத்தி மாத்திக் கட்டிப் பாத்தா இருந்தேன்?”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பேச்சி சிரிக்கவில்லை.

டாக்டரம்மாள் சொன்னது கமிட்டிக்குப் போதவில்லை. தலைவர் தம் விதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். சடங்கானால் பெரிய பெண், ஆகாவிட்டால் சின்னப் பெண். பேச்சிக்கு ஆகவில்லை. ஆகவே அவளைத் தள்ளவும் வேண்டாம், பெரியவர்களோடு சேர்க்கவும் வேண்டாம், சின்னப் பெண்களோடு ஓடட்டும் என்று தீர்ப்பாயிற்று. யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் முடித்துவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார். நல்ல கூத்து போங்கள்! திடலில் நிற்கும் எந்தப் பனையைவிடவும் கொஞ்சம்தான் குள்ளம் என்று நாங்கள் கேலி செய்யும் பேச்சி, பால்பல் விழுந்த பிள்ளைகளோடு ஓட வேண்டும்.

பந்தயத்தன்று காலையில் சின்னமனூர் மாமன் வந்து சேர்ந்தார். மாட்டு வண்டி நிறையப் பச்சைத் தென்னோலை. வண்டியைக் கமிட்டிப் பந்தலுக்கு முன்னாலேயே அவிழ்த்துப்போட்டுவிட்டு, கடப்பாரையால் குழி தோண்ட ஆரம்பித்தார். தலைவர் பதறி எழுந்து, “என்னையா செய்கிறீர்?” என்றார்.

“குச்சு கட்டுறேன். மாமன் குச்சு கட்டலைன்னுதான என் மருமகளை ஓடவிட மாட்டேன்னீக? இந்தா, கட்டுறேன். எல்லாரும் பாத்துக்கங்க.”

“அதற்கு முதலில் அந்தப் பெண்...”

“அது சாமி வேலை. ஓலை கட்டுறது என் வேலை. என் வேலையை நான் செய்யிறேன், சாமி வேலையைச் சாமிகிட்டப் போய்க் கேளுங்க!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு கம்பு நட்டாயிற்று, அதற்குள் சேவகர்கள் வந்து அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பித் திட்டிக்கொண்டே போனார். நட்ட கம்பையும் பிடுங்கிப் போட்டார்கள். பேச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

அவள் ஓடாமல் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாயிருந்தால் கமிட்டிப் பந்தலைக் கொளுத்திவிட்டுப் போயிருப்பேன். அவள் நேரே போய்ச் சின்னப் பெண்கள் வரிசையில் நின்றாள். ஒரு பிள்ளை அவள் முழங்கைக்குக்கூட எட்டவில்லை, அண்ணாந்து பார்த்து, “நீங்களும் ஓடப் போறீகளாக்கா?” என்று கேட்டது. “நீங்க முதல்ல ஓடுங்க, ஆத்தா” என்றாள் பேச்சி. விசில் ஊதியது. பிள்ளைகள் பறந்தார்கள். பேச்சி நின்ற இடத்தில் நின்றாள். கடைசிப் பிள்ளையும் எல்லைக் கயிற்றைத் தாண்டும் வரை அசையாமல் நின்றாள். கூட்டத்தில் சிரித்தவர்கள் பலர், போகப் போகச் சிரிப்பை நிறுத்தியவர்களும் பலர். பிறகு அவள் பாவாடையை இழுத்துச் செருகினாள், குனிந்தாள், ஓடினாள்.

தோழிகளே, நான் நிறைய ஓட்டம் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் ஓட்டம் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆள் இல்லை, எதிரில் ஆள் இல்லை. யாருடைய பரிசும் அதில் போகவில்லை. கயிற்றைத் தாண்டியும் நிற்காமல், பந்தலைச் சுற்றிக்கொண்டு, மாமனின் ஓலை வண்டி கிடந்த இடத்தில் போய்த்தான் நின்றாள். டிரில் டீச்சர் அனிச்சையாகக் கடிகாரத்தை அமுக்கியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று பெரிய பெண்கள் பந்தயத்தில் நான் முதலில் வந்தேன். பித்தளைக் கூஜா கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். தோற்றுத் தோற்றுச் சலித்தவளுக்குத்தான் அந்தக் கூஜாவின் பளபளப்பு தெரியும். ஆனால் டீச்சர் சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டுக் கடிகாரக் கணக்கைச் சொன்னார். பேச்சிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த இரண்டு தடவையும் நான் இதைவிட விரைவாக ஓடியிருக்கிறேன். முன்னால் அந்தக் குதிகால்கள் இல்லாததால் என் கால் தளர்ந்துபோயிருக்கிறது.

பாக்கியம் மூன்றாவதாக வந்தாள். வாயெல்லாம் பல். அவள் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன், உழைத்த பிள்ளை அவள். அவளே பேச்சியிடம் வந்து நேராகக் கேட்டாள், அந்தத் தைரியத்துக்காக இன்றும் அவளை எனக்குப் பிடிக்கும். “அக்கா, நீங்க ஓடினா எனக்கு எப்படிக்கா கிடைக்கும்? நானும் எம்புட்டு நாளைக்குத்தான் நாலாவதா வாரது?”

பேச்சி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். “நீ கேக்கிறது ஞாயந்தான் ஆத்தா. உன்னையவிட நான் விரசா ஓடுறேன். அது எதனாலன்னு எனக்கும் தெரியல. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிங்கன்னு கேளு, நானும் கூட வந்து கேக்கிறேன். இவ பொம்பளையான்னு மட்டும் கேக்காத. அதுக்குப் பதிலு உன்கிட்டயும் இல்ல, அந்தப் பந்தல்லயும் இல்ல.”

பாக்கியம் எழுந்து போகவில்லை. பேச்சி கொண்டுவந்திருந்த பொரிவிளங்காய் உருண்டையை இரண்டு பேரும் பாதிப் பாதியாகத் தின்றார்கள். இதில் யார் பக்கம் ஞாயம் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. பாக்கியம் தன் ஓட்டத்துக்காகக் கேட்டது ஞாயம். அதற்கு ஊர் தேடிய வழி அநியாயம். இரண்டும் ஒரே நாளில், ஒரே திடலில் நடந்தன. இதற்குமேல் எனக்குத் தெரியாது.

பேச்சி அதற்குப்பின் பந்தயத்தில் ஓடவில்லை. ஓடைப்பட்டியில் தம்பியோடு வெங்காயமும் கடலையும் போட்டாள். கல்யாணம் கட்டவில்லை. சனிக்கிழமைச் சந்தைக்கு வந்தால் என் கடைக்கு வராமல் போக மாட்டாள். நாலு கனவான்கள் பட்டு வேட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாசலிலிருந்தே, “ஏ ரெண்டு! குடிக்கத் தண்ணி கொண்டா” என்று ஒரு சத்தம். நான் அந்தக் கூஜாவில்தான் கொண்டுவந்து கொடுப்பேன். அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, கூஜாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “என் கூஜாவ நல்லாத்தான் வெளக்கி வச்சிருக்க” என்பாள். ஒரு தடவை, “வருத்தமா இருக்கா பேச்சி?” என்று கேட்டேன். “ஓட விடலையேன்னு இருக்கு. மத்ததெல்லாம் போகுது, கழுத” என்றாள். அதோடு வெங்காய விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நானும் பேச்சியின் தம்பியும் ஓடைப்பட்டி போய்ச் சேர்ந்தபோது அவளை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊர் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் அவள். குளிப்பாட்ட வேண்டும், யார் குளிப்பாட்டுவது என்பதுதான் பேச்சு. ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள், பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள். திரும்பவும் கமிட்டி! எத்தனை வருடம் போனால் என்ன, எத்தனை ஊர் மாறினால் என்ன? நான் மடியிலிருந்த சுங்குடியை எடுத்து எல்லாரும் பார்க்க விரித்தேன். “சேலை கொண்டாந்திருக்கேன். வேட்டி வேணுங்கிறவுக வேற கடை பாத்துக்கங்க” என்றேன். ஒருவர், “அதுக்கில்லம்மா, முறைன்னு ஒன்னு இருக்குல்ல” என்று இழுத்தார்.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. சின்னமனூர் மாமன். கூன் விழுந்துவிட்டது, ஒரு கண் தெரியவில்லை. வண்டி நிறையப் பச்சைத் தென்னோலை. பாடை கட்டத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பேச்சியின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடப்பாரையை எடுத்து, முற்றத்தின் மூலையில் குழி தோண்டினார். நாலு கம்பு நட்டார். ஓலையை ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினார். தம்பி உதவப் போனதற்கு, “தள்ளுலே, இது மாமன் வேலை” என்று விரட்டினார்.

கட்டி முடித்துத் திரும்பினார். “அன்னைக்குத் திடல்ல கட்ட விடல. இன்னைக்கு எவன் வந்து புடுங்குறான்னு பாக்கிறேன்” என்றார். பிறகு பெண்கள் பக்கம் பார்த்துக் குரலை இறக்கிச் சொன்னார்: “குச்சு கட்டியாச்சு ஆத்தா. என் மருமகளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துங்க.”

வயதான அம்மாள் ஒருத்தி முதலில் எழுந்தாள். மஞ்சளைக் கையிலெடுத்தாள். பின்னால் இன்னொருத்தி குடத்தோடு எழுந்தாள். அப்புறம் எல்லாப் பெண்களும் எழுந்துவிட்டார்கள். பேச்சியை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். எத்தனையோ பேருக்குத் தண்ணீர் இறைத்தவளுக்கு அன்று நாங்கள் இறைத்தோம். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அந்தக் குதிகால்கள். வெடிப்பு அப்படியே இருந்தது, செம்மண் அப்படியே இருந்தது. மண்ணைக் கழுவி மஞ்சள் தேய்த்தேன். பச்சை ஓலை வாசத்துக்குள் வைத்து எங்கள் பெண்ணுக்குச் சேலை கட்டினோம். வேட்டியைப் பற்றி அதன்பின் அந்த ஊரில் யாரும் பேசவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் என்னை முதலாளியம்மா என்கிறார்கள், வேதக் கோயிலில் எஸ்தரம்மாள் என்கிறார்கள். ‘ஏ ரெண்டு’ என்று கூப்பிட ஆளில்லை. கூஜாவை அவள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அது அவளுடையதுதான், அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் எனக்கு வைத்த பெயரை மட்டும். இனி யாராவது நீ ஓடுவாயாமே, என்ன பரிசு வாங்கினாய் என்று கேட்டால், அந்த ஒரு முதல் பரிசைச் சொல்ல மாட்டேன். ஓடைப்பட்டி பேச்சியம்மாள் முதலாவதாக வந்த பெண்கள் பந்தயத்தில் நான் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.